ஏசியின் வலை யாரைக் காக்கிறது?

கொடைக்கானல் மலை தெற்கே சரிந்து சமவெளியைத் தொடும் இடத்தில், வத்தலக்குண்டுக்கும் பெரியகுளத்துக்கும் இடையே இருக்கிறது கெங்குவார்பட்டி. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் நெல் வயலும், கூப்பிடு தூரத்தில் மஞ்சளாறு. மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து இறங்குகிறவர்கள் மூச்சை ஆழ இழுத்து, இந்தக் காற்றுக்கே ஆயுள் கூடும் என்பார்கள். அந்த நினைப்பு பாதிதான் சரி. இங்கே காற்றில் என்ன மிதக்கிறது என்பது பருவத்துக்குப் பருவம் மாறுகிறது.

ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கம்பம் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். அதே காற்று உழுது போட்ட காட்டிலிருந்து மண்ணை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறது. மாசி, பங்குனியில் மலைச்சரிவுப் புல் காய்ந்து தீப்பிடிக்கும். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் மூண்ட தீ, மலையேறப் போனவர்களின் உயிரைக் குடித்தது. அப்படிச் செய்தியில் வராத சிறு தீக்களும் கோடைதோறும் புகைகின்றன. மார்கழி, தை இரவுகளில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து இறங்கித் தாழ்வில் தங்கிவிடும். அடுப்புப் புகையும் சருகு எரித்த புகையும் மேலே போக வழியில்லாமல் விடியும்வரை வீட்டு உயரத்திலேயே நிற்கும்.

இப்படிப்பட்ட ஊர்களின் படுக்கையறைகளிலும் ஏசி வந்துவிட்டது. பிள்ளைக்கு இளைப்பு இருக்கிறது, அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டுகிறது, நல்ல ஃபில்டர் உள்ள ஏசியாக வாங்கலாம் என்று குடும்பங்கள் கடைக்குப் போகின்றன. கடையில் பெட்டிகளின் மேல் வெள்ளி அயனி, வைரஸ் தடுப்பு, பி.எம். 2.5 என்று ஸ்டிக்கர்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. அவற்றில் எதை நம்புவது? விடை காண மூன்று கேள்விகள் போதும். எந்தத் துகளைப் பிடிக்க வேண்டும்? ஃபில்டர் வழியாக மணிக்கு எவ்வளவு காற்று போகிறது? அந்தத் துகளை அறைக்குள் உண்டாக்குவது எது? மூன்றாவது கேள்வியைக் கடைக்காரர் கேட்க மாட்டார். ஆனால் நம் மூச்சுக்கு மிக முக்கியமான கேள்வி அதுதான்.

இயந்திரத்துக்குப் போட்ட வலை

1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்குச் சிக்கல் வந்தது. காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்க, காகிதம் விரிந்து சுருங்கியது. வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அதற்காக வடிவமைத்த அமைப்பைத்தான் நவீன ஏசியின் தொடக்கம் என்கிறோம். காகிதத்தின் நலனுக்காகப் பிறந்த பொறி அது. மனிதனின் மூச்சு அதன் கணக்கில் பிறகுதான் வந்தது.

இன்று நம் வீட்டுச் சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசியும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே மேற்பக்கம் இழுத்து, குளிர்ந்த காயிலின் மீது ஓட்டி, கீழ்ப்பக்கம் விடுகிறது. வெளியே இருக்கும் யூனிட்டுக்கும் உள்ளே இருக்கும் யூனிட்டுக்கும் இடையே போய்வருவது குளிர்பதன வாயு மட்டும். ஏசி போட்டால் வெளியிலிருந்து சுத்தமான காற்று வருகிறது என்று எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில், கதவைச் சாத்தியபோது உள்ளே இருந்த காற்றே இரவு முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகிறது.

இந்தச் சுழற்சி என்ன செய்யும் என்பதற்கு 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்று சாட்சியானது. அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் மதிய உணவு உண்டன. ஒரு மேசையில் இருந்தவருக்குக் கொரோனா தொற்று இருந்தது. பின்னர் அவரையும் சேர்த்து மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேருக்கு நோய் கண்டது. ஏசியின் காற்று அந்த மூன்று மேசைகளையும் ஒரே வளையமாகச் சுற்றியதே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். ஏசிக்குள் வலை இருந்தாலும் இவ்வளவு நுண்ணிய துளிகளை நிறுத்த அதனால் ஆகாது.

ஏனென்றால் அந்த வலை இருப்பது காயிலுக்காக. ஏசியின் முன்மூடியைத் தூக்கினால் வரும் பிளாஸ்டிக் வலை, அலுமினியத் தகடுகளுக்கு இடையில் பஞ்சும் முடியும் ஒட்டடையும் போய் அடைத்துக்கொள்ளாமல் காக்கிறது. அதன் கண் அரை மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அது 500 மைக்ரான். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான். மகரந்தத் துகள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான். காட்டுத்தீப் புகையின் பெரும்பங்கு ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஆடிப் புழுதியில் கண்ணுக்குத் தெரியும் பஞ்சுத் தூசியை அந்த வலை பிடிக்கும். மாசிப் புகை அதில் நிற்காது.

நுரையீரலின் அடி வரை

காற்றில் மிதக்கும் துகளை அளவு வைத்தே வகை பிரிக்கிறார்கள். 10 மைக்ரானும் அதற்குக் குறைவானதும் பி.எம். 10. அதற்குள் 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவை பி.எம். 2.5. இந்தப் பிரிவுக்குக் காரணம் நம் உடம்புதான். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். தும்மலாகவும் சளியாகவும் வெளியேறிவிடும். பி.எம். 2.5 மூச்சுக்குழல்களின் கிளைகள் எல்லாவற்றையும் தாண்டி, ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கும் காற்றுப்பைகள் வரை இறங்குகிறது. அங்கே அது கிளப்பும் அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தக் குழாயையும் இதயத்தையும் தொடுகிறது.

இதை உலகம் உறுதியாக ஏற்கவைத்த ஆய்வு 1993இல் வெளியானது. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஆறு நகரங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். புகைபிடிக்கும் பழக்கம் போன்றவற்றுக்குக் கணக்கில் இடம் கொடுத்த பிறகும், மிகவும் மாசுபட்ட நகரத்தில் இறப்பு விகிதம் மிகத் தூய நகரத்தைவிட 26 சதவீதம் கூடுதலாக இருந்தது. நுண்துகளோடு அந்த வேறுபாடு நெருக்கமாக ஒத்துப்போனது.

இந்தியா 2009இல் வகுத்த வரம்பு, பி.எம். 2.5க்கு ஒரு கன மீட்டரில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் பரிந்துரையை ஆண்டுக்கு 5, நாளுக்கு 15 என்று குறைத்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது. அரசின் வரம்புக்குள் இருக்கிற காற்றும் நுரையீரலுக்கு முழுப் பாதுகாப்பு தராது என்பதை அந்த இடைவெளியே சொல்கிறது. ஆகவே முதல் கேள்விக்கு விடை இது: கண்ணில் படும் தூசிக்காக அல்ல, கண்ணில் படாத பி.எம். 2.5க்காகத்தான் ஃபில்டரைத் தேட வேண்டும்.

சல்லடை அல்ல, காடு

ஃபில்டர் என்றதும் மாவு சலிக்கும் சல்லடைதான் நினைவுக்கு வரும். கண்ணைவிடப் பெரியது நிற்கும், சிறியது விழும். ஏசியின் பிளாஸ்டிக் வலை அப்படித்தான் வேலை செய்கிறது. நுண்துகளைப் பிடிக்கும் ஃபில்டரின் வேலை வேறு. அதில் மெல்லிய இழைகள் ஒழுங்கின்றி அடுக்கடுக்காகப் பின்னிக் கிடக்கும். இழைகளுக்கு இடையிலான இடைவெளி பிடிக்க வேண்டிய துகளைவிடப் பெரிதாகவே இருக்கும். ஆனாலும் துகள் தப்பாது.

காற்று இழையைச் சுற்றி வளைந்து போகிறது. கனமான துகளால் அந்த வேகத்தில் வளைய முடியாது. நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. நடுத்தரத் துகள் வளைந்தாலும், இழையை உரசிப் போகும்போது மாட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய துகளைக் காற்றின் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் இடிப்பதால் அது தள்ளாடித் தள்ளாடிப் போகிறது. அந்தத் தள்ளாட்டத்தில் எங்காவது ஓர் இழையைத் தொட்டே தீரும். இம்மூன்றோடு நான்காவது ஒன்று உண்டு. இழைக்கு நிலைமின்னூட்டம் ஏற்றிவிட்டால், அது துகளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். என்95 முகக்கவசம் அவ்வளவு மெல்லியதாக இருந்தும் வேலை செய்வது இதனால்தான்.

பெரியது மோதி மாட்டுகிறது, மிகச் சிறியது தள்ளாடி மாட்டுகிறது. தப்பிக்க வாய்ப்பு அதிகம் உள்ளது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் துகளுக்கு. அது ஏறக்குறைய 0.3 மைக்ரான். இவ்வகை ஃபில்டர்களில் உயர்தரமான ஹெப்பாவை 0.3 மைக்ரானில் சோதிப்பதற்கு இதுவே காரணம். அந்த அளவில் 99.97 சதவீதத்தைப் பிடித்தால், அதைவிடச் சிறியதையும் பெரியதையும் இன்னும் நன்றாகப் பிடிக்கும். வைரஸ் 0.1 மைக்ரான், ஹெப்பாவுக்கு அது அகப்படாது என்று சிலர் சொல்வது இந்த இயற்பியலை அறியாததால் வரும் பயம்.

பெட்டியின் மேல் எதைப் படிப்பது

ஃபில்டரின் திறனைச் சொல்ல உலகில் மூன்று அளவுகோல்கள் பரவலாக இருக்கின்றன. அமெரிக்க முறை மெர்வ். அதில் மெர்வ் 8 என்றால் 3 முதல் 10 மைக்ரான் துகளில் 70 சதவீதத்தைப் பிடிக்கும். ஒரு மைக்ரானுக்குக் கீழே அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. மெர்வ் 13 என்றால் 0.3 முதல் 1 மைக்ரான் வரை குறைந்தது பாதியையும், 1 முதல் 3 வரை 85 சதவீதத்தையும், அதற்கு மேல் 90 சதவீதத்தையும் பிடிக்க வேண்டும். 2016இல் வந்த ஐ.எஸ்.ஓ. 16890 முறை, பி.எம். 1, பி.எம். 2.5, பி.எம். 10 ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று நேரடியாகவே சொல்கிறது. இவற்றுக்கு மேல் நிற்பது ஹெப்பா; அதில் எச்13 என்ற தரம் 99.95 சதவீதம்.

பெட்டியில் இந்த எண்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹெப்பா வகை’, ‘ஹெப்பா போன்ற’ என்று எழுதி எண் இல்லாமல் விட்டிருந்தால் அது ஹெப்பா இல்லை. வெள்ளி அயனி, கேட்டச்சின், வைரஸ் தடுப்பு என்ற பூச்சுகள் ஃபில்டரில் ஏற்கனவே ஒட்டிய கிருமியைத்தான் தொட முடியும். ஒட்டாமல் தாண்டிப்போன துகளை எந்தப் பூச்சாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நல்ல ஹெப்பா தாளை வாங்கி ஏசிக்குள் செருகிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது.

எவ்வளவு காற்று?

ஸ்ப்ளிட் ஏசியின் உள்யூனிட்டில் இருக்கும் நீள உருளை ஃபேன், தடையில்லாத பாதையில் நிறையக் காற்றைச் சத்தமில்லாமல் தள்ளுவதற்காக அமைந்தது. அழுத்தம் கொடுத்துத் தள்ளும் பலம் அதற்குக் கிடையாது. அடர்ந்த தாளை அதன் முன் வைத்தால் காற்றோட்டம் சுருங்கும். காயிலுக்குப் போதுமான வெப்பம் கிடைக்காமல் அதன்மீது பனி உறையும்; பிறகு தண்ணீர் சொட்டும், கம்ப்ரஸர் திணறும், கரண்ட் பில் ஏறும். வலையின் மேல் துணியோ பஞ்சோ விரிப்பதும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

சில ஏசிகளில் வலையின் மேல் மாட்ட ஒரு சிறு பட்டையைத் தருகிறார்கள். அந்தப் பட்டை வலையின் பத்தில் ஒரு பங்கை மறைக்கிறது என்று வைப்போம். தன்னிடம் வரும் துகளில் 90 சதவீதத்தை அது பிடித்தாலும், மொத்தக் காற்றில் 9 சதவீதத்துக்கு மேல் சுத்தமாகாது. காற்று எளிதான வழியைத் தேடும். தடையுள்ள பட்டையை விட்டுவிட்டுப் பக்கத்து வெற்று வலை வழியாகவே அதிகம் போகும் என்பதால், உண்மையில் கிடைப்பது அந்த 9 சதவீதத்தைவிடவும் குறைவு.

எனவே பார்க்க வேண்டியது பிடிக்கும் சதவீதத்தை மட்டும் அல்ல. சதவீதத்தைக் காற்றின் அளவால் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கி வருவதைத்தான் சி.ஏ.டி.ஆர். என்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று கிடைக்கிறது என்பதன் கணக்கு. ஒரு டன் ஏசி மணிக்குத் தோராயமாக 500 கன மீட்டர் காற்றைச் சுழற்றுகிறது. வலை முழுவதையும் மறைக்கும், காற்றை அதிகம் தடுக்காத, மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய தாள் பி.எம். 2.5இல் 30 சதவீதம் பிடித்தாலே 150 கன மீட்டர் சுத்தக் காற்று கிடைத்துவிடும். அப்படிப்பட்ட தாளை ஏசி நிறுவனமே தன் மாடலுக்கென்று தந்தால் பயன்படுத்தலாம். ஒரு குறை உண்டு: இன்வெர்ட்டர் ஏசியில் அறை குளிர்ந்ததும் ஃபேன் வேகம் இறங்கும், அதோடு சுத்தக் காற்றும் குறையும். ஏசி தேவைப்படாத மார்கழியில், புகை அதிகம் தங்கும் காலத்தில், அது ஓடவே ஓடாது.

ஆகவே நோயாளி இருக்கும் வீட்டுக்கு நம்பகமான வழி, ஏசியிடம் குளிரை மட்டும் கேட்டுவிட்டு, காற்றைச் சுத்தம் செய்யத் தனியாக ஒரு ஏர் ப்யூரிஃபையர் வைப்பது. எவ்வளவு பெரியது வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம். 10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 9 அடி என்றால் 1,080 கன அடி. ஏறக்குறைய 30 கன மீட்டர். அறைக் காற்று மணிக்கு ஐந்து முறையாவது புதுப்பிக்கப்பட வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2023இல் பரிந்துரைத்தது. முப்பதை ஐந்தால் பெருக்கினால் 150. சி.ஏ.டி.ஆர். 150க்குக் குறையாத கருவி அந்த அறைக்குப் போதும். முழு வேகத்தில் வைத்தால் வரும் எண்ணைத்தான் பெட்டியில் போடுவார்கள். தூங்கும்போது சத்தம் பொறுக்காமல் வேகத்தைக் குறைப்போம் என்பதால் 250 உள்ளதாக வாங்குவது நல்லது.

அந்த ஐந்து முறையின் பலன் சிறிதல்ல. மூடிய அறையில் புகை சூழ்ந்துவிட்டது என்று கொள்வோம். இடுக்குகள் வழியாகக் கசிந்தும் தரையில் படிந்தும் தானாகக் குறையவிட்டால், சாதாரண வீட்டில் ஒரு மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி மிச்சம் இருக்கும். மணிக்கு ஐந்து அறை அளவு சுத்தக் காற்றைத் தரும் கருவி ஓடினால், பன்னிரண்டே நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் நூற்றில் ஒரு பங்கும் இராது.

உடம்பில் வித்தியாசம் தெரியுமா? ஷாங்காயில் 35 ஆரோக்கியமான கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்து 2015இல் வெளியிட்டார்கள். 48 மணி நேரம் விடுதி அறையில் உண்மையான ப்யூரிஃபையர் ஒரு முறை, ஃபில்டர் எடுத்துவிட்ட போலிக் கருவி ஒரு முறை. எது எப்போது என்று மாணவர்களுக்குத் தெரியாது. பி.எம். 2.5 சராசரி 96இலிருந்து 41க்கு இறங்கியது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் குறியீடுகள் குறைந்தன. இரத்த அழுத்தமும் சற்றே இறங்கியது. இளம் உடம்பிலேயே இரண்டு நாளில் இவ்வளவு என்றால், முதியவர்களின் அறைக்கு இது வீண் செலவு ஆகாது.

பணம் தடையாக இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 2013இல் பெய்ஜிங்கைப் புகை மூடியபோது, அங்கே இருந்த தாமஸ் டால்ஹெல்ம் என்ற அமெரிக்க ஆய்வாளர் சாதாரண ஃபேனின் முன் ஒரு ஹெப்பா தாளைக் கட்டி ஓட்டினார். அளந்து பார்த்ததில் காற்று நன்றாகவே சுத்தமானது. 2020இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசந்தாலும், நான்கு மெர்வ் 13 ஃபில்டர்களைப் பெட்டியாக ஒட்டி மேலே ஃபேனைக் கவிழ்க்கும் முறையைப் பரப்பினார்கள். விலை உயர்ந்த கருவிக்குள் இருப்பதும் ஒரு ஃபேனும் ஒரு தாளும்தான்.

தென்னஞ்சிரட்டை தரும் கரி

துகளை மட்டும்தான் ஹெப்பா பிடிக்கும். வாயு அதன் வழியே தாராளமாகப் போய்விடும். திராட்சைத் தோட்டத்திலும் மாந்தோப்பிலும் மருந்தடிக்கும் நாளில் மூக்கைத் துளைக்கும் நெடி, புதுப் பெயின்டின் வாடை எல்லாம் வாயு. அவற்றுக்கு வேண்டியது ஆக்டிவேட்டட் கார்பன் எனும் செறிவூட்டிய கரி. ஒரு கிராம் கரிக்குள் உள்ள நுண்துளைகளின் பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் வரை வரும். வாயு மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன.

இந்தக் கரிக்கு உலகின் மிகச் சிறந்த மூலப்பொருள்களில் ஒன்று நம் தோப்பில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிக்காக அமெரிக்கா 1918இல் சிரட்டைகளையும் பீச் பழக் கொட்டைகளையும் திரட்டியது. இன்று தமிழ்நாடும் இலங்கையும் சிரட்டைக் கரியை உலகுக்கு ஏற்றுமதி செய்கின்றன. ஆனால் ஃபில்டர் வாங்கும்போது கரியின் எடையைக் கேளுங்கள். கறுப்புத் தூள் தூவிய மெல்லிய பஞ்சு சில நாளில் நிறைந்துவிடும். நூற்றுக்கணக்கான கிராம் குருணைக் கரி இருந்தால்தான் நெடி மாதக்கணக்கில் குறையும். பக்கத்துத் தோப்பில் மருந்தடிக்கிறார்கள் என்றால் அந்த நேரம் ஜன்னலைச் சாத்தி வைப்பதே முதல் பாதுகாப்பு. கரி அதற்கு அடுத்தது.

அயனி வீசுவது, ஓசோன் உண்டாக்கிக் காற்றைப் ‘புத்துணர்வாக்குவது’ என்று விற்கும் கருவிகளை இளைப்பு நோயாளி இருக்கும் வீட்டில் சேர்க்க வேண்டாம். ஓசோன் வானத்தின் உச்சியில் நமக்குக் கவசம். மூச்சுக்குழலில் அது எரிச்சலூட்டும் நஞ்சு. கலிஃபோர்னியா மாநிலம் வீட்டுக் காற்றுக் கருவிகள் வெளியிடும் ஓசோனுக்கு நூறு கோடியில் 50 பங்கு என்று சட்டத்திலேயே எல்லை வைத்திருக்கிறது.

உள்ளே புகைவது எது?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். படுக்கையறையில் ஏசி ஓடுகிறது, கதவு சாத்தியிருக்கிறது, கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி புகைகிறது. இந்தக் காட்சி நம் ஊரில் எத்தனை வீட்டில்! 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவத்தி முழுதும் எரிந்து முடிந்தால் அது வெளிவிடும் பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று கண்டது. மூடிய அறையில் அந்தப் புகையை ஏசி சீராகக் கலக்கி ஒவ்வொருவர் மூக்குக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சாம்பிராணியும் ஊதுபத்தியும் அதே வகைதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரும் எரிந்துகொண்டிருக்கும் கொசுவத்தியோடு போட்டி போட்டு வெல்லாது. கொசுவுக்கு ஜன்னலில் வலையும் கட்டிலுக்குக் கொசுவலையும் போதும். சாம்பிராணி போடுவதானால் கதவு ஜன்னல் திறந்திருக்கும் வேளையில் போட்டு, புகை போனபின் ஏசியைப் போடலாம்.

அடுப்பின் கதை இன்னும் கனமானது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் காற்றை அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் உலகம் திரும்பிப் பார்த்த ஒன்று. விறகும் சாணமும் எரியும் வீட்டில், சமைக்கும் நேரத்தில் நுண்துகள் ஒரு கன மீட்டரில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. நாள் முழுவதற்கும் சராசரி பார்த்தால், சமைக்கும் பெண்ணுக்கு 231. அதே வகை வீட்டில் சமைக்காதவர்களுக்கு 90. கேஸ் போன்ற சுத்தமான எரிபொருள் உள்ள வீட்டில் ஏறக்குறைய 82. அடுப்புக்கு முன் நிற்பவர் யார் என்பதே நுரையீரலுக்குள் போகும் புகையைத் தீர்மானித்தது. கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு விறகடுப்பு வைக்கும் வீடுகள் உண்டு. அந்தப் புகை படுக்கையறைக்குள் வரும் வழியை அடைப்பதும், தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதும், ஏசி ஃபில்டரை மாற்றுவதைவிட அதிக நன்மை செய்யும்.

ஃபில்டரால் தீராத இன்னும் சில உண்டு. தூசிச் சிற்றுண்ணியின் கழிவு இளைப்புக்குப் பெரிய காரணம். ஆனால் அது காற்றில் அதிக நேரம் மிதப்பதில்லை. மெத்தையிலும் தலையணையிலும் தங்குகிறது. வாரம் ஒருமுறை உறையையும் விரிப்பையும் வெந்நீரில் அலசுவதுதான் அதற்கு மருந்து. ஏசியைப் போட்டவுடன் புளித்த வாடை வந்தால், பூஞ்சை ஈரமான காயிலிலும் உருளை ஃபேனிலும் வளர்கிறது. வலை அதற்கு முன்னால் இருப்பதால் அதைத் தடுக்க முடியாது. அணைக்கும் முன் கால் மணி நேரம் ஃபேனை மட்டும் ஓடவிட்டுக் காயிலை உலர்த்துங்கள். பங்குனி வெயில் ஏறுமுன் மெக்கானிக்கை அழைத்துக் காயிலையும் ஃபேனையும் தண்ணீர்த் தட்டையும் கழுவச் சொல்லுங்கள்.

மூச்சில் விடும் கரியமில வாயுவையும் எந்த ஃபில்டரும் எடுக்காது. நாம் கணக்கிட்ட அதே 30 கன மீட்டர் அறையில், இரண்டு பெரியவர்கள் கதவைச் சாத்திப் படுத்தால், வெளியில் பத்து லட்சத்தில் 420 பங்காக இருக்கும் அந்த வாயு விடியும்போது 2,000 பங்கைத் தொடும். காலையில் தலை கனக்கிறது, தூங்கியும் அலுப்புத் தீரவில்லை என்பவர்கள் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். கதவை விரற்கடை அளவு திறந்து வைத்தாலே நிலைமை மாறும்.

பருவத்துக்கு ஏற்ற வழக்கம்

மலையடிவாரத்து வீட்டுக்கு ஆண்டு முழுக்க ஒரே விதி பொருந்தாது. ஆனி, ஆடியில் காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். அந்த மாதங்களில் ஏசி வலையை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். வலையின் பின்புறமிருந்து தண்ணீரை விட்டால் தூசி வந்த வழியே வெளியேறும். நிழலில் உலர்த்துங்கள்; வெயிலில் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். அடைபட்ட ஃபில்டரைச் சரிசெய்தாலே ஏசியின் மின்செலவு 5 முதல் 15 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஹெப்பா தாளையும் மின்னூட்டத் தாளையும் மட்டும் கழுவவே கூடாது. நனைந்தால் மின்னூட்டம் போய்விடும், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் வேலை செய்யாது. அவற்றை மாற்றத்தான் வேண்டும்.

மாசி முதல் சித்திரை வரை மலையில் புகை தெரியும் இரவுகளில் ஜன்னலைச் சாத்தி ப்யூரிஃபையரை ஓடவிடுங்கள். மார்கழி, தையில் அதிகாலையில் கதவைத் திறக்க வேண்டாம். வெயில் ஏறிப் பனிமூட்டம் கலைந்து, தங்கிய புகை மேலெழுந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு எல்லாவற்றையும் திறந்து வீட்டை முழுசாகக் காற்றாட விடுங்கள். போகிக் காலையிலும் அப்படியே.

கையில் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்று கேட்டால், கணக்கு தெளிவாகவே இருக்கிறது. காசே வேண்டாத வேலைகள் முதலில்: கொசுவத்தியை நிறுத்துவது, வலையைக் கழுவுவது, நேரம் பார்த்து ஜன்னலைத் திறப்பது. அடுத்தது கொசுவலையும் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனும். அதற்கடுத்து, இளைப்பு உள்ள பிள்ளையோ இதய நோயுள்ள பெரியவரோ தூங்கும் அறைக்கு மட்டும், அளவு பார்த்து வாங்கிய ஹெப்பா ப்யூரிஃபையர். கடைசியில்தான் ஏசிப் பெட்டியின் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கருக்காகக் கூடுதலாகக் கேட்கும் தொகையை மிச்சம் பிடித்தால், பல வீடுகளில் முதல் இரண்டு வரிசையும் அதிலேயே முடிந்துவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை இவற்றில் எதுவும் ஈடுசெய்யாது. அது தன் வேலையை நன்றாகச் செய்ய இவை இடம் கொடுக்கும்.